ஸ்பிட்ஃபயரின் பின் ஸ்பிரிங்: ஒரு திருத்தத்தின் வரலாறு

பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்குப் பின்பக்க ஸ்பிரிங் மாத்தப் போறீங்களா?

"எந்த வருஷ வண்டி?" என்பதே பாகம் விற்பவரின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வாங்க பார்ப்போம்.

1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. அதன் அடித்தளத்தில், மிக்கேலொட்டி வரைந்த அழகான உடலோடு 1962இல் ஸ்பிட்ஃபயர் வந்தது.

பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். ஒவ்வொரு பக்க ஆக்சிலும் உள்முனையில் மட்டும்தான் மடங்கும். மலிவான, எளிமையான அமைப்பு..

சிக்கல் எங்கே?

வளைவில் வேகமாகப் போகிறீர்கள். பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விடுகிறீர்கள். பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். டயரின் பிடி குறையும். வண்டி சுழன்றுவிடும்!

1966இல் இதே அமைப்போடு ஆறு சிலிண்டர் ஜிடி6 வந்தபோது விமர்சனங்கள் வலுத்தன. 1968இல் ஜிடி6க்குக் கீழ்ப்பக்கம் தனிக் கைகள் கொடுத்துத் திருத்தினார்கள். நல்ல தீர்வுதான், ஆனால் செலவு அதிகம்.

1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4க்கு எளிய வழி கண்டார்கள். ஸ்பிரிங்கை மொத்தமாக இறுக்காமல், பெரும்பாலான தகடுகளை நடுவில் சாய விட்டார்கள். இதுதான் ஸ்விங் ஸ்பிரிங். சக்கரம் மடங்குவது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் பலம் பின்பக்கம் குறைந்தது. அதை ஈடுகட்ட முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள்.

இங்கேதான் நமக்கான பாடம்.

பழைய மார்க் 1, 2, 3 வண்டியில் ஸ்விங் ஸ்பிரிங் போடுறீங்களா? முன்பக்கத் தடிமனான பாரும் சேர்த்துப் போடுங்க.

மார்க் 4, 1500 வண்டியில் விலை குறைவு என்று பழைய ரக ஸ்பிரிங் போடாதீங்க. பழைய ஆபத்தும் கூடவே திரும்பி வரும்.

1973இல் ஆக்சிலும் நீளமானது. வாங்கும் முன் அளந்து பாருங்க.

புது ஸ்பிரிங் போட்டபின் பின்பக்கம் தூக்கி நிற்கிறதா? அப்படியே ஓட்டாதீங்க. சக்கரம் மடங்க அதுவே வழி. ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ்களையும் அன்றே பார்த்துவிடுங்க.

வார்டில் ஒரு மருந்தை மாற்றும்போது நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கேட்போம். அதே கணக்குதான் இங்கேயும்.

ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவதாக நினைக்காதீங்க மக்களே.. மாறுவது வண்டியின் மொத்த நடத்தை.