யமுனையின் மணலும் தில்லியின் கரைகளும்

தில்லி சரோஜினி நகரின் அருகே ஓடிப் பாராபுல்லா நாலாவின் வழியே யமுனையை அடையும் குஷக் நாலா, இன்று கழிவுநீர்க் கால்வாயாகவே பலருக்கும் அறிமுகமாகியிருப்பினும், ஆரவல்லி மேட்டில் பெய்யும் மழையையும், அம்மழை கரைத்துக் கொணரும் மண்ணையும் பேராற்றில் சேர்ப்பதற்கு இயற்கை வகுத்த ஓடைகளுள் ஒன்றாகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜஹாங்கீரின் அரண்மனை அதிகாரியான மிஹர் பானு ஆகா கட்டுவித்த பாராபுல்லா பாலத்தின் நீண்ட வளைவு வரிசை, அவ்வோடைக்கு அக்காலத்தார் எவ்வளவு இடம் விட்டனர் என்பதை இன்றும் காட்டுகிறது. அது சென்று சேரும் யமுனை தன் பாதையை எவ்வாறு அமைத்துக்கொண்டது, மனிதர் அதை எவ்வாறு மாற்றினர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இமயத்தில் பாறைகளையும் உருளைக்கற்களையும் புரட்டிக்கொண்டு இறங்கும் யமுனை, சிவாலிக் குன்றுகளைத் தாண்டிச் சமவெளியில் புகுந்தவுடன் வேகம் தணிந்து, கனத்த கற்களை முதலில் கைவிட்டு, பின்னர் பருமணலைப் படியவைத்து, பெரும்பாலும் நுண்மணலையும் வண்டலையுமே தில்லிவரை சுமந்து வருகிறது. பிரவாகத்தின் வேகம் சுமைக்குப் போதாத இடத்தில் மணல் திட்டாகிறது; வேகம் மிகுந்து சுமை குறைந்த இடத்தில் நீர் கரையை அரித்துத் தன் சுமையை நிரப்பிக்கொள்கிறது. வளைவின் வெளிக்கரை இடிவதும் உட்கரையில் மணல் வளர்வதும் இவ்வொரே நியாயத்தின் விளைவுகளாதலின், ஆறு ஓரிடத்தில் நிலைத்திராமல் பக்கவாட்டில் நகர்வது அதன் ஸ்வபாவமாகிறது. அவ்வாறு ஆறு உலாவும் தாழ்நிலத்தை அப்பிரதேசத்து விவசாயிகள் காதர் என்றும், வெள்ளம் எட்டாத பழைய மேட்டுநிலத்தைப் பாங்கர் என்றும் வழங்குகின்றனர். காதரில் பயிரிடுவோர் வெள்ளத்தின் உரிமையை ஒப்புக்கொண்டே விதைக்கின்றனர்.

சுல்தான்களும் முகலாயரும் எழுப்பிய தலைநகரங்கள் ஆற்றின் பழைய கரைகளை நமக்குக் குறித்துக் கொடுக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைகுபாத் கிலோக்ரியில் அமைத்த அரண்மனையும், 1354இல் பிரோஸ் ஷா துக்ளக் தொடங்கிய கோட்லாவும், 1546இல் எழுந்த சலீம்கரும், 1639 முதல் 1648 வரை ஷாஜஹான் நிர்மாணித்த செங்கோட்டையும் யமுனைக் கரையிலேயே எழுந்தவை. செங்கோட்டையின் கிழக்கு மாளிகைகளுக்கு அடியில் ஆறு ஓடியது. மேற்கே ஆரவல்லியின் கடினப் பாறை தடுத்து நிற்க, கிழக்கே இளகிய வண்டல் வெளி திறந்து கிடந்தமையால், இக்கட்டடங்களின் அடியைவிட்டு ஆறு கிழக்கே விலகியது. அது விட்டுச்சென்ற இடத்தில் இன்று வட்டச்சாலை செல்கிறது.

இந்நிகழ்ச்சிகளுக்குக் கணித வடிவம் தந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தியக் கால்வாய்களில் நிகழ்ந்தது என்பது நாம் மறக்கலாகாத விசேஷம். 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியதற்குக் காரணமே, சரிவு மிகுந்த கொள்ளிடம் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ள, காவிரி மணலால் தூர்ந்துவந்ததுதான். அணை எழுந்தபின் காவிரியின் படுகை அரிபடத் தொடங்க, அதன் தலைப்பிலும் தடுப்பமைக்க நேர்ந்தது. பஞ்சாபில் மேல் பாரி தோவாப் கால்வாயை ஆராய்ந்த கென்னடி, தூர்தலும் அரிப்பும் இன்றி ஒரு கால்வாய் நிலைபெறுவதற்குரிய வேகம் அதன் ஆழத்தைப் பொறுத்தது என்று 1895இல் நிறுவினார். 1930இல் ஜெரால்டு லேசி, வண்டலில் ஓடும் கால்வாயின் அகலம் நீரளவின் வர்க்கமூலத்தைத் தொடர்ந்து செல்கிறது என்று நிர்ணயித்தார். நீரைக் குறைத்தால் ஆறு தன் பாதையையும் குறுக்கிக்கொள்ளும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. தில்லிக்கு இதனினும் முக்கியமான முடிவு வேறில்லை.

ஏனெனில், 1874இல் ஓக்லாவிலும் 1959இல் வஜீராபாத்திலும் அணைகள் எழுந்தபின், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சுமார் 22 கிலோமீட்டர் தூரத்தில் கோடைக்காலத்தில் ஓடுவது பெரும்பாலும் நகரின் சாக்கடை நீரே. பாலங்களின் தூண்களும் இருபுறக் கரையணைகளும் காதரை நெருக்க, மணலைத் தள்ளிச்செல்லும் பிரவாகம் ஆண்டின் பெரும்பகுதியில் இல்லாமற் போயிற்று. 2019 ஆகஸ்டில் ஹத்னிகுண்ட் அணையிலிருந்து வினாடிக்கு 8.28 லட்சம் கன அடி நீர் வெளியேறியபோது, தில்லிப் பழைய ரயில் பாலத்தில் ஆற்றின் மட்டம் 206.60 மீட்டரைத் தொட்டது. 2023 ஜூலையிலோ அதில் பாதிக்கும் குறைவான, ஏறத்தாழ 3.59 லட்சம் கன அடியே உச்சமாக வந்தும், மட்டம் 208.66 மீட்டருக்கு உயர்ந்து, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டரையும் மிஞ்சியது. வெள்ளம் நீடித்த காலமும் இதற்கு ஒரு காரணமாயினும், மணல் ஏறிய படுகையையும், வண்டலால் இறுகித் திறக்க மறுத்த அணைக் கதவுகளையும், குறுகிய காதரையும் ஒதுக்கிவிட்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது. அந்நாளில் நீர் செங்கோட்டையின் மதில்வரை வந்து நின்றது.

சரோஜினி நகரின் ஓடைக்கும் இதே நியாயம் பொருந்தும். பல இடங்களில் மேலே மூடப்பட்டு, 2010இல் பாராபுல்லா மேம்பாலச் சாலையின் தூண்களைக் கீழ்ப்பகுதியில் தாங்கத் தொடங்கிய அவ்வோடையில் படியும் மண்ணை, ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் வாரியெடுப்பது அவசியமேயாயினும் அது மட்டும் போதாது. வஜீராபாத்திற்குக் கீழே ஆண்டு முழுதும் யமுனையில் நன்னீர் ஓடவும், எஞ்சியுள்ள காதரில் இனி ஒரு கட்டடமும் எழாதிருக்கவும் அரசினர் விதிசெய்தல் வேண்டும்.