இன்சுலினும் தசையும்: ஆக்கமா, காவலா?

1922 ஜனவரியில் டொராண்டோவில் இன்சுலின் ஊசி போடப்பட்ட முதல் நீரிழிவு நோயாளி லியோனார்ட் தாம்சனுக்கு வயது 14. எடை ஏறத்தாழ 30 கிலோ. அதே ஆண்டு ஆகஸ்டில், இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பாண்டிங்கிடம் அழைத்துவரப்பட்ட எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். பதினைந்தை எட்டவிருந்த அவள் 20 கிலோதான் இருந்தாள். எலும்பும் தோலுமாக வந்த இப்பிள்ளைகள் சில மாதங்களில் சதைபிடித்துத் தேறினர். இன்சுலின் சதையை வளர்க்கும் மருந்து என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் சான்றாக இது வலுவற்றது. அதுவரை ஃபிரெடெரிக் ஆலன் வகுத்த பட்டினிச் சிகிச்சையில் வயிறு காய்ந்தவர்கள் அவர்கள். இன்சுலினோடு உணவும் கூடவே வந்தது; தேறியதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிய வழியில்லை.

தசைப் புரதம் ஓயாமல் உருவாகிறது, ஓயாமல் சிதைகிறது. இன்சுலின் முன்னதைக் கூட்டுகிறதா, பின்னதைக் குறைக்கிறதா? காலந்தோறும் விடை மாறியதற்கு, ஆய்வாளர்கள் எதை அளந்தார்கள் என்பதே பெருங்காரணம் என்று கருதுகிறேன்.

முதல் தெளிவான விடைகள் எலியின் உதரவிதானத்திலிருந்து வந்தன. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் அந்தத் தசை மிக மெல்லியது. வெட்டியெடுத்து உப்புக் கரைசலில் இட்டால் ரத்த ஓட்டம் இல்லாமலேயே ஆக்சிஜன் அதனுள் ஊடுருவும்; சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். 1958இல் மான்செஸ்டர், யங் என்ற இரு ஆய்வாளர்கள் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய அமினோ அமிலத்தைக் கரைசலில் சேர்த்துப் பார்த்தனர். இன்சுலின் இருந்தபோது அது தசைப் புரதத்தில் கூடுதலாகச் சேர்ந்தது. குளுக்கோஸே இல்லாத கரைசலிலும் அப்படித்தான். ஆக, சர்க்கரையைத் தசைக்குள் விடுவதன் பக்கவிளைவு அல்ல இது. இன்சுலினின் தனி வேலை. பாடநூல்கள் இன்சுலினை ஆக்க ஹார்மோன் என்று எழுத இத்தகைய சோதனைகள் துணைநின்றன. வளரும் எலியிலிருந்து அறுத்தெடுத்த தசை, முழு மனிதனின் தசைபோல நடந்துகொள்ளுமா என்ற ஐயத்துக்கு அச்சோதனைகளில் விடையில்லை.

மனிதரில் பார்க்க முன்கை வசதியாக இருந்தது. தமனியில் ஒரு குழாய், ஆழ்சிரையில் இன்னொன்று. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கழித்தால் தசையின் வரவுசெலவு தெரியும். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தசை எரிப்பதில்லை என்பதால் கணக்கு சுலபம். 1987இல் கெல்ஃபாண்டும் பாரெட்டும் இம்முறையில் இன்சுலினை முன்கைக்குச் செலுத்தினர். சிதைவு குறைந்தது, ஆக்கம் அசையவில்லை.

1995இல் பியோலோவும் வுல்ஃபும் டெக்சஸில் காலில் செய்த சோதனை நேர்மாறாகச் சொன்னது: ஆக்கம் கூடுகிறது. அவர்கள் ரத்தத்தோடு தசைத் துணுக்கையும் எடுத்து ஆராய்ந்தனர். சிதைந்த அமினோ அமிலம் செல்லுக்குள்ளேயே மறுபடி புரதமாகிவிட்டால் அது சிரைக்கு வராது. முன்கைக் கணக்கில் விழாது. முரண்பாட்டில் ஒரு பங்காவது இங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

2008இல் நாட்டிங்காமில் கிரீன்ஹாஃப் குழு செய்த சோதனைதான் என் பார்வையில் திருப்புமுனை. அமினோ அமிலத்தைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டே, இன்சுலினை லிட்டருக்கு 5, 30, 72, 167 மில்லியூனிட் என நான்கு அளவுகளில் நிறுத்தினர். ஆக்கத்துக்கு 5 போதுமானதாக இருந்தது. அது வெறும் வயிற்றில் இருக்கும் அளவு. சிதைவு 30இல் ஏறத்தாழ பாதியானது. அதற்குமேல் எவ்வளவு ஏற்றியும் குறையவில்லை. சாதாரணச் சாப்பாட்டுக்குப் பின்னரே எட்டிவிடும் அளவுதான் 30.

சிதைவை நடத்தும் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற நொதிகள் 2001இல் அடையாளம் காணப்பட்டன. அவற்றின் மரபணுக்களை முடுக்கும் ஃபாக்ஸோ புரதத்தைச் செல்லின் உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைப்பது இன்சுலின் சமிக்ஞை. ஆனாலும் இன்சுலின் மட்டும் காவலாளி அன்று. தசையில் இன்சுலின் ஏற்பியை நீக்கிய எலிகள் தாக்குப்பிடித்தன. இன்சுலினை ஒத்த ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனின் ஏற்பியையும் சேர்த்து நீக்கியபோதுதான் தசை மளமளவெனக் கரைந்தது.

உடற்பயிற்சிக்குப் பின் புரதத்தோடு மாவுச்சத்தும் சேர்த்து இன்சுலினை ஏற்றுங்கள் என்ற ஜிம் அறிவுரை உதரவிதானக் காலத்து நம்பிக்கையின் எச்சம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2011இல் இதைச் சோதித்தனர். பயிற்சிக்குப் பின் ஒருமுறை 25 கிராம் மோர்ப் புரதம் மட்டும். இன்னொருமுறை அதனுடன் 50 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. இன்சுலின் நன்றாகவே ஏறியது. ஆக்கம் கூடவில்லை, சிதைவும் மேற்கொண்டு குறையவில்லை.