வெற்றிடம் விழுந்த வரிசை: மேக்விடாப் இயக்கியின் மூன்று திருத்தங்கள், 2010–2013

பெங்களூரின் கணினித்துறை வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவும் ஏற்றுமதிக் கணக்காகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அங்கு செய்யப்பட்ட வேலையின் உள்ளடக்கத்தை அறிய லினக்ஸ் கெர்னலின் மாற்றப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். யார், எந்நாளில், எந்த வரியை, என்ன காரணம் கூறி மாற்றினார் என்பது அதில் உண்டு. கல்வெட்டாய்வாளர்க்கு எளிதில் வாய்க்காத வசதி இது.

ஒரே கணினிக்குள் இயங்கும் மெய்நிகர் கணினிகளை வலைப்பின்னலோடு இணைக்கும் இயக்கிகளுள் ஒன்று மேக்விடாப். ஐபிஎம்மின் ஆர்ன்ட் பெர்க்மன் எழுதிய இது, 2010 மே மாதம் வெளியான லினக்ஸ் 2.6.34 பதிப்பில் இடம்பெற்றது. தொடக்கத்தில் இச்சாதனத்தை ஒருமுறை மட்டுமே திறக்க முடியும். ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர், ஒரு வரிசை. எத்தனை செயலிகள் இருப்பினும் உள்வரும் பொட்டலங்கள் அனைத்தும் அந்த ஒற்றை வழியிலேயே நெரிசல்பட்டன.

ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையம் பெங்களூரிலும் இயங்கியது. ஐபிஎம் இந்தியாவின் கிருஷ்ண குமார் 2010 ஆகஸ்டில் அளித்த திருத்தம் இந்நிலையை மாற்றிற்று. ஒரே சாதனத்தைப் பலமுறை திறக்கலாம், திறக்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் டிஸ்கிரிப்டர் தனி வரிசையாகும், உச்சவரம்பு 16. ஆயின் பொட்டலம் எந்த வரிசைக்குச் செல்ல வேண்டும் என்ற வினா எஞ்சியது. வலைப்பின்னல் அட்டை குறித்த வரிசை எண்ணே முதலில் பார்க்கப்பட்டமையால், ஒரே இணைப்பின் பொட்டலங்கள் வெவ்வேறு வரிசைகளுக்குச் சிதறின. 2011இல் அவரே அம்முறையைத் தலைகீழாக்கினார்: முகவரிகளிலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் எண் முதலில், அட்டையின் எண் பிறகு.

இன்னொரு சிக்கல் அதன் பின்னும் நீடித்தது. வரலாற்று நோக்கில் இதுவே சுவையானது. டிஸ்கிரிப்டர் மூடப்படும்போது பட்டியலில் அதன் இடம் வெறுமையாக விடப்பட்டது. நான்கு வரிசைகளில் இரண்டாவது மூடப்பட்டதாகக் கொள்வோம். எண்ணிக்கை மூன்றாகும், ஹாஷ் எண்ணை மூன்றால் வகுத்த மீதி முதல் மூன்று இடங்களையே சுட்டும். அவற்றுள் ஒன்று காலி. உயிரோடிருக்கும் நான்காவது வரிசைக்கோ எப்பொட்டலமும் வந்துசேராது. திறப்பதைப் பற்றி எண்ணிய அளவு மூடுவதைப் பற்றி எவரும் எண்ணவில்லை போலும்.

2013இல் ரெட் ஹாட்டின் ஜேசன் வாங் இதைச் சீர்செய்தார். ஒரு வரிசை மூடப்பட்டால் கடைசி வரிசை அவ்விடத்துக்கு நகர்த்தப்படும். ஒவ்வொரு வரிசையும் தன் எண்ணைத் தானே நினைவில் கொள்ளும். திருத்தத்தின் தலைப்போ, பட்டியலை வரிசையாகத் தேடும் முறையை நீக்குவதாக மட்டுமே சொல்கிறது. பட்டினி கிடந்த நான்காவது வரிசை அத்தலைப்பில் இல்லை. பழைய நிரல்வரிகளைப் படிப்பவர்க்கே அது புலப்படும்.