சம்பளம் வாங்காத நடிகர்கள்

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடக நூல்களின் பழைய பதிப்புகளைக் கையில் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஆசிரியர் பெயரை அடுத்து 'பி.ஏ., பி.எல்.' என்று இரு பட்டங்கள் அச்சாகியிருக்கும். வழக்குரைஞர் ஒருவர் தாம் பெற்ற பட்டங்களைப் போட்டுக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அவற்றைச் சட்ட நூலின் முகப்பில் போடுவது வேறு, நாடக நூலின் முகப்பில் போடுவது வேறு. 'கூத்தாடி' என்ற சொல் வசையாக வழங்கிய காலம் அது. நாடகக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய சமூகத்தில், நாடகத்தின் மேலட்டையில் ஒரு பி.ஏ., பி.எல். வந்து நிற்பது அணிகலனைவிடக் கவசத்தையே ஒத்திருந்தது என்பது எம் கருத்து.

அந்தக் கவசம் யாரைக் காத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்னும் கேள்வி எங்களுக்குள் நெடுநாளாக இருந்து வருகிறது. இன்றும் சிறு நாடகக் குழுக்கள் அவ்வப்போது நோட்டீசு அடிக்கின்றன. அடுத்த மாதம் இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன நாடகம், நடிப்பவர்கள் அனைவரும் வேறு வேலை பார்ப்பவர்கள், ஒருவருக்கும் ஊதியமில்லை. இவ்வகைக் குழுவைத் தமிழில் 'பயில்முறை' என்கிறோம். அழகான சொல். தொழில்முறைக்கு எதிர்ச்சொல்லாக அமைந்தாலும், இன்னும் பயின்றுகொண்டிருப்பவர்கள் என்ற பணிவும் அதற்குள் இருக்கிறது. சென்னையின் முதல் பெரும் பயில்முறைக் குழுவிடம் அந்தப் பணிவு இருந்ததா என்பது வேறு கதை.

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் சரச வினோதினி சபை. கிருஷ்ணமாச்சார்லு வழக்குரைஞர்; அவருடன் மேடையேறியவர்களும் படித்தவர்கள், ஊரில் மதிப்புப் பெற்றவர்கள். அந்த நாடகங்களைப் பார்த்தவர்களுள் 18 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு வெறுப்பு. தெருவில் நடப்பதை நின்று பார்க்கவும் விரும்பாதவர். அவர் மனத்தைத் திருப்பியது நாடகத்தின் கதையன்று. நடித்தவர்கள் யார் என்பதே. இத்தகையோர் தெலுங்கில் ஆடலாமெனில் நாம் தமிழில் ஏன் ஆடக்கூடாது என்ற எண்ணம் பிறந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நாள், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து அந்த மாணவர், அதாவது சம்பந்தம், சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

('விலாசம்' என்பது அக்காலத்தில் நாடகத்தைக் குறிக்க வழங்கிய பெயர்களுள் ஒன்று. காசி விசுவநாத முதலியாரின் டம்பாச்சாரி விலாசம் நினைவுக்கு வரலாம். இன்று அச்சொல்லைக் கேட்டால் நமக்குத் தபால்காரர்தான் நினைவுக்கு வருகிறார்.)

சபை தன் முதல் தமிழ் நாடகத்தை மேடையேற்ற ஏறத்தாழ ஈராண்டு ஆயிற்று. 1893இல் 'புஷ்பவல்லி' அரங்கேறியது. இன்று சென்ட்ரல் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே நிற்கும் விக்டோரியா பொது மண்டபமே நெடுங்காலம் அவர்களுடைய களமாக இருந்தது. சிசோம் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய செந்நிறக் கட்டடம் அது. ரிப்பன் மாளிகை அப்போது இல்லை. அது 1913இல்தான் வந்தது. பெருமக்களின் கூட்டங்களுக்கென எழுந்த மண்டபத்தில் தமிழ் நாடகம் நடப்பது என்பதே ஒரு செய்தி. கொட்டகை என்றால் போகத் தயங்கியவர்கள் மண்டபம் என்றால் வண்டி பூட்டி வந்தார்கள்.

ஊதியமின்மை கலைக்கு என்ன செய்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொழில்முறைக் குழுவுக்கு வசூல்தான் சோறு. இரவு முழுதும் நாடகம் நடக்கவேண்டும்; பாட்டு நிறைய வேண்டும்; பாடகர் மூச்சு வாங்கும்போது கோமாளி வந்து நிற்கவேண்டும்; சுடச்சுட வாதம் வேண்டும். இவற்றுள் ஒன்றைக் குறைத்தாலும் அடுத்த ஊருக்கு இரயில் கட்டணம் இராது. சுகுண விலாச சபையாருக்கு அந்த அச்சமில்லை. நாடகம் தோற்றாலும் மறுநாள் காலையில் நீதிமன்றமோ அலுவலகமோ திறந்திருக்கும். ஆகவே அவர்கள் உரைநடையில் பேசினார்கள். பாட்டைக் குறைத்தார்கள். காட்சி, அங்கம் என்று முன்கூட்டியே எழுதி முடித்த பிரதியை வைத்துக்கொண்டு, எழுதியதை எழுதியபடி மனப்பாடம் செய்தார்கள். விடியும்வரை இழுக்காமல் சில மணி நேரத்தில் முடித்தார்கள். துன்பத்தில் முடியும் நாடகத்தையும் மேடையேற்றத் துணிந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனதும், மாக்பெத் 'மகபதி' ஆனதும் இந்தத் துணிவில்தான். குறித்த நேரத்தில் தொடங்குவதில் சம்பந்தம் காட்டிய கண்டிப்பைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். நாடகத்தின் நாளையும் மணியையும் அறிவித்துவிட்டு அதன்படி நடப்பது என்பது அன்று புதுமை. (இன்றும் அது புதுமைதான் என்று எங்களில் ஒருவர் முணுமுணுக்கிறார்.)

இவற்றுள் 1895இல் வந்த 'மனோகரா'வைத் தனியே பார்க்கவேண்டும். 1954இல் எல்.வி.பிரசாத் இயக்கத்தில், மு.கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசன் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும் காட்சியாகவே பெரும்பாலோர் அதை அறிவார்கள். அதற்கு முன்பே 1936இல் ஒரு திரைப்படம் வந்தது. அதில் அரசன் புருஷோத்தமனாகச் சம்பந்தமே நடித்தார். சோழ அரசன் தன் பட்டத்தரசியை ஒதுக்கிவிட்டு வசந்தசேனை என்னும் காமக்கிழத்தியின் பிடியில் கிடக்கிறான். அன்னையின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மகன் பொறுத்திருந்து, இறுதியில் பொங்கி எழுகிறான். கதையின் நஞ்சு முழுவதும் வசந்தசேனையிடம் இருக்கிறது.

அந்த வசந்தசேனையாக மேடையில் நின்றவர் யார்? ஓர் ஆண். சபையின் பெண் பாத்திரங்கள் அனைத்தையும் ஆண்களே ஏற்றார்கள். பாட்டும் ஆட்டமும் அபிநயமும் குலக்கல்வியாகப் பெற்ற பெண்கள் அந்நகரிலேயே இருந்தார்கள். சபையின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. கணிகையை மேடையில் காட்டலாம், அவள் அழிவதைக் கண்டு அவையினர் மகிழலாம். அந்த மரபில் வந்த ஒருத்தி சக நடிகையாக ஒத்திகைக்கு வரக்கூடாது. இதைச் சம்பந்தத்தின் தனிப்பட்ட குற்றமாகச் சொல்ல நாம் வரவில்லை. சபையின் மதிப்பு எதன்மேல் நின்றதோ, அந்த அடித்தளமே இந்த விலக்குத்தான். 'இங்கே நடிப்பவர்கள் கனவான்கள்' என்ற அறிவிப்பின் மறுபக்கத்தில் 'மற்றவர்கள் அல்லர்' என்று எழுதியிருந்தது.

கும்பகோணத்துப் பாலாமணி அம்மாளை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. பெண்களைக் கொண்டே தம் நாடகக் குழுவை அமைத்து நடத்தியவர் அவர். அவருடைய நாடகத்தைக் காணத் தனி இரயிலே விடப்பட்டது என்ற கதை தஞ்சைப் பகுதியில் நெடுநாள் வழங்கியது. கதையில் மிகை இருக்கலாம், கூட்டம் மிகையன்று. ஆனால் தமிழ் நாடகத்தின் மறுமலர்ச்சி என்று எழுதப்படும் அத்தியாயங்களில் அவருக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது.

மறுபுறம், சபையில் பெண் வேடம் பூண்டவர்களை எள்ளி நகையாடுவதும் முறையாகாது. சி.ரங்கவடிவேலு என்ற நடிகர் சம்பந்தத்தின் கதாநாயகர்களுக்கு எதிரே ஆண்டுக்கணக்கில் கதாநாயகியாக நின்றார். 'நாடகமேடை நினைவுகள்' நூலில் சம்பந்தம் அவரைப் பற்றி எழுதியிருப்பதைப் படிப்பவர்கள், அது ஓர் ஆழ்ந்த நட்பின் வரலாறு என்பதை உணர்வார்கள். ரங்கவடிவேலு மறைந்தபோது சம்பந்தத்துக்கு மேடையே பாதி இருண்டுவிட்டது. அலுவல் முடிந்து வந்து, புடவை உடுத்தப் பழகி, நடை பழகி, குரல் பழகி, மறுநாள் மீண்டும் அலுவலுக்குப் போன மனிதர்களின் உழைப்பு அது. ஒரு காசும் அவர்கள் பெறவில்லை.

சபைக்கு வெளியே அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக்கொண்டிருந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய அவருடைய நாடகங்கள் ஊர் ஊராகச் சென்றன. 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களுக்குப் பாடமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். அவருடைய நாடகங்கள் இன்றும் தென்மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. சம்பந்தத்தின் நாடகங்களோ பெரும்பாலும் நூலகத்தில் இருக்கின்றன. சம்பந்தத்தைத் 'தமிழ் நாடகத் தந்தை' என்று ஒரு சாராரும், சுவாமிகளை 'நாடகத் தலைமையாசிரியர்' என்று மறு சாராரும் போற்றுவது வழக்கம். எங்களுக்குள்ளும் இரு கட்சி உண்டு. ஒருவரைத் தந்தையாக்கினால் மற்றவருக்கு வாத்தியார் உத்தியோகம்தான் மிஞ்சுகிறது என்பது இதில் உள்ள வேடிக்கை.

இவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று தொடவேயில்லை என்று நினைப்பதும் பிழை. மனோகராவைத் தொழில்முறைக் குழுக்கள் விரும்பி ஆடின. பால சபையில் வளர்ந்த டி.கே.சண்முகம் மனோகரனாக நடித்துப் புகழ் பெற்றார். அச்சிறுவர்களுக்கு அந்நாடகத்தைப் பயிற்றுவிக்கச் சம்பந்தமே வந்தார். பட்டம் பெற்ற வழக்குரைஞர், படிப்பை விட்டுக் குழுவோடு ஊர் சுற்றிய பிள்ளைகளுக்கு எதிரே அமர்ந்து வசனம் சொல்லிக்கொடுக்கும் அந்தக் காட்சியை, சபையின் எல்லா அரங்கேற்றங்களையும்விட உயர்வாக மதிக்கத் தோன்றுகிறது. அங்கே கவசம் கழன்றிருந்தது.

சபையின் உறுப்பினர் பட்டியல் அரசியலுக்கும் நீள்கிறது. எஸ்.சத்தியமூர்த்தி அதன் மேடையில் நடித்தவர். சி.பி.இராமசாமி ஐயரும் அதில் இருந்தார். பின்னாளில் தேர்தல் மேடைகளுக்குக் கே.பி.சுந்தராம்பாளை அழைத்து வந்த சத்தியமூர்த்திக்கு, மேடையில் எழும் ஒரு குரல் கூட்டத்தை என்ன செய்யும் என்பது சபையிலேயே தெரிந்திருக்கவேண்டும். சுந்தராம்பாள் தொழில்முறை மேடையில் வளர்ந்த பெண் என்பதையும் உடன் நினைக்கலாம்.

1924 முதல் 1928 வரை சம்பந்தம் சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். நீதிபதியாகிவிட்டோம், இனி வேடம் கட்டலாகாது என்று அவர் எண்ணவில்லை. 1891இல் தொடங்கிய வாதத்துக்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. 1959இல் பத்மபூஷண் கிடைத்தது. 1964இல் மறைந்தார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியவர்.

சபை என்ன ஆயிற்று? பேசும்படம் வந்தது, கூட்டம் அங்கே போனது. சம்பந்தத்தின் 'சபாபதி'யும் 1941இல் ஏ.வி.மெய்யப்பன் தயாரிப்பில் படமாகி, டி.ஆர்.இராமச்சந்திரனையும் காளி என்.இரத்தினத்தையும் வீட்டுக்கு வீடு அறிமுகமாக்கியது. காளி என்.இரத்தினம் தொழில்முறை நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பதைக் கவனிக்கவேண்டும். சபை மவுண்ட் ரோட்டில் தனக்கென ஓர் இடம் தேடிக்கொண்டு நாளடைவில் உறுப்பினர்களின் மனமகிழ் மன்றமாக மாறியது. அலுவல் முடிந்து மாலையில் கூடும் வழக்கம் நின்றுவிடவில்லை. கூடி நாடகம் ஆடும் வழக்கம் நின்றது. கனவான்கள் கூடுமிடம் என்பது சபையின் தொடக்கத்திலேயே பாதியாக இருந்தது. மறுபாதி உதிர்ந்ததும் எஞ்சியது அதுவே. நாடகத்தை அலுவலக ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்த கே.பாலசந்தரும், வானொலியில் பணியாற்றிய பூர்ணம் விசுவநாதனும் அந்த வழியில் வந்தவர்கள். அவர்கள் காலத்துப் பயில்முறைக் குழுக்களில் பெண்கள் நடித்தார்கள்.

ஈழத்துக்குப் போன கிளை வேறு விதமாக வளர்ந்தது. சுகுண விலாச சபை இலங்கைக்குச் சென்று நாடகங்கள் நடத்தியதுண்டு. அந்நாடகங்களால் ஈர்க்கப்பட்டவர்களுள் ஒருவர் க.சொர்ணலிங்கம். 1913இல் கொழும்பில் தோன்றிய இலங்கைச் சுபோத விலாச சபையின் முதுகெலும்பாக நின்றவர் அவர். 'கலையரசு' என்று போற்றப்பட்டவர். சபையின் பெயரிலேயே மூலத்தின் சாயலைப் பார்க்கலாம். அவர் கடைசிவரை சம்பந்தத்தைத் தம் குரு என்றே சொல்லி வந்தார். தம் நினைவுகளை 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற பெயரில் எழுதினார்.

அந்த நூலையும் ஆறு பாகங்கள் கொண்ட 'நாடகமேடை நினைவுக'ளையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சம்பந்தத்தின் நூலில் அரங்கேற்றங்களை மட்டும் பார்க்காமல், அவற்றுக்கு முந்திய ஒத்திகைகளையும், ஒத்திகைக்கு வந்தவர்கள் வராதவர்கள் யாவர் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு படிப்பது நல்லது. முதல் பாகத்தைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தேடிப் போகிறார்கள்.