கூழைக்கடா எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஐபீரிய அச்சுக்கூடங்களின் கதை – அத்தியாயம் 9

சென்ற வாரம் மனுவெல் டி ஃபரியா இ சோசாவை மாட்ரிட்டில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தோம். பல ஆண்டுகளாக ஒரே காவியத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். லூயிஸ் டி கமோயிஷ் எழுதிய ‘லூசியதாஸ்’தான் அந்தக் காவியம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த கதையைப் பத்துக் காண்டங்களில், 1102 செய்யுள்களில் பாடுகிறது. பத்தாம் காண்டத்தில் தோமையார் கதையோடு நம் மயிலாப்பூரும் தலைகாட்டும். போர்த்துக்கீசியர்களுக்கு அது வெறும் நூலல்ல, நாட்டின் சொத்து.

அவர் முன்னிருந்த இரண்டு புத்தகங்களும் இந்தக் காவியத்தின் பிரதிகளே. இரண்டின் முகப்பும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன: லிஸ்பன், அந்தோனியோ கொன்சால்வெஸ் அச்சுக்கூடம், 1572. இரண்டு தூண்கள், அவற்றின் மேல் ஒரு முகடு, முகட்டின் உச்சியில் தன் மார்பைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் கூழைக்கடா. கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளமாக ஐரோப்பா முழுக்க வரைந்த பறவை அது. இங்கேதான் வம்பு. ஒரு பிரதியில் பறவை இடப்பக்கம் கழுத்தைத் திருப்பியிருக்கிறது. மற்றதில் வலப்பக்கம்.

சரி, முகப்புப் படம்தானே என்று விட்டுவிடலாமா? உள்ளே போனால் முதல் செய்யுளின் ஏழாவது அடியே வேறாக இருக்கிறது. ஒன்றில் ‘எ எந்த்ரெ’ என்று தொடங்குகிறது, மற்றதில் வெறும் ‘எந்த்ரெ’. பக்கங்களைப் புரட்டப் புரட்ட எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறிகளும் மாறிக்கொண்டே போகின்றன.

ஏட்டுச்சுவடி என்றால் பாடபேதம் நமக்குப் புதிதல்ல. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்ததே அதற்காகத்தான். ஆனால் இது அச்சு. ஒரே ஊர், ஒரே அச்சுக்கூடம், ஒரே ஆண்டு. இதில் பாடபேதம் எப்படி நுழைந்தது?

ஃபரியா இ சோசா சுலபமான பதிலைச் சொன்னார். காவியம் வெளிவந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது, அதே ஆண்டில் மறுபதிப்புப் போட்டார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உரைகாரர் கவிஞர்மேல் வைத்த பக்திதான் இதில் தெரிகிறதே தவிர, சான்று தெரியவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் இதைவிடக் காரமான பதிலைத் தேடினார்கள். அதற்கு ஒரு பாதிரியாரைப் பின்தொடர வேண்டும்.

அவர் பெயர் பிரை பர்த்தலோமேயு ஃபெரெய்ரா, டொமினிக்கன் துறவி, விசாரணை மன்றத்தின் நூல் தணிக்கையாளர். 1571 செப்டம்பர் 24 அன்று இளம் மன்னர் செபஸ்தியான் கமோயிஷுக்கு உரிமை ஆணை தந்தார்: 10 ஆண்டுகளுக்குக் கவிஞரின் அனுமதியின்றி யாரும் இந்நூலை அச்சிடக் கூடாது. ஆனால் மன்னர் ஆணை மட்டும் போதாது, திருச்சபையின் கையெழுத்தும் வேண்டும். காவியத்திலோ வீனஸ், பேக்கஸ், ஜூபிடர் என்று ரோமானியத் தெய்வங்கள் கூட்டமாக உலவுகிறார்கள். ஒன்பதாம் காண்டத்தில் மாலுமிகளுக்காகவே ஒரு காதல் தீவு இருக்கிறது. கத்தரி போடுவார் என்று எதிர்பார்ப்போம். ஃபெரெய்ரா போடவில்லை. புறச்சமயத்தாரின் தெய்வங்கள் எல்லாம் பேய்களே என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு, இது கவிதைக் கற்பனைதான், தடையில்லை என்று அனுமதித்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. செபஸ்தியான் மொரோக்கோப் போரில் மாண்டார். கவிஞரும் போய்ச் சேர்ந்தார். 1580இல் ஸ்பெயின் மன்னர் ஃபிலிப் போர்த்துக்கலையும் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டில் அல்கலாவிலும் சலமாங்காவிலும் காவியத்தின் காஸ்டிலிய மொழிபெயர்ப்புகள் தனித்தனியே வெளிவந்தன. பிறகு 1584இல் லிஸ்பனில் மனுவெல் டி லீரா ஒரு புதுப் பதிப்புப் போட்டார். அதில் கத்தரி விழுந்திருந்தது. தெய்வங்கள் பல இடங்களில் இறக்கம் கண்டார்கள், காதல் தீவு பாழானது. அனுமதி வழங்கியவர் யார்? அதே ஃபெரெய்ரா!

அந்தப் பதிப்புக்குச் சரித்திரத்தில் கிடைத்த பட்டப்பெயர் ‘பிஷ்கோஸ்’. செசிம்ப்ரா என்ற கடற்கரை ஊரை மீன் மிகுந்தது என்று கவிஞர் ஓர் அடைமொழியால் பாடியிருந்தார். குறிப்பு எழுதிய புண்ணியவானுக்கு அது விளங்கவில்லை. ‘பிஷ்கோ’ என்ற சிறு குருவிகள் ஆப்பிரிக்காவுக்குப் பறந்து போகுமுன் அங்கே கூட்டம் கூட்டமாகச் சேருமாம் என்று அளந்துவிட்டார். நானூறு ஆண்டுகளாகச் சிரிக்கிறார்கள்.

இப்போது ஒரு லிஸ்பன் புத்தக வியாபாரியாக யோசித்துப் பாருங்கள். கடையில் இருப்பது வெட்டுப்பட்ட பதிப்பு. வாசகன் கேட்பது முழுக் காவியம். புதிதாக அச்சிட்டால் தணிக்கையில் சிக்கும். பழைய அனுமதியோடு பழைய தேதியையும் போட்டு, பழைய முகப்பையே நகலெடுத்து அச்சிட்டால்? கேட்பவனிடம், ‘இது 1572இல் வந்ததுங்க, மிச்சமிருந்த சரக்கு’ என்று சொல்லிவிடலாம். கவிஞரின் 300ஆவது நினைவு ஆண்டான 1880இல் டிட்டோ டி நொரோன்யா முன்வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: இரண்டில் ஒன்று போலி, 1584க்குப் பிந்தையது.

பறவையின் கழுத்தும் இதற்குத் தோதாகப் பேசியது. அச்சான படத்தைப் பார்த்து அப்படியே மரக்கட்டையில் செதுக்கினால், அந்தக் கட்டையிலிருந்து வரும் அச்சில் இடம் வலமாகிவிடும். இருபுறமும் ஒத்த தூண்களில் இது தெரியாது. பறவையில்தான் தெரியும். போலி செய்தவன் பறவையிடம் மாட்டிக்கொண்டான்!

துப்பறியும் கதைக்கு இது போதும். நூலியலாளருக்குப் போதாது. முகப்பு ஏடு பெரும்பாலும் கடைசியில் அச்சாவது, உள்தாள்களோடு பிறகு சேர்த்துத் தைப்பது. எந்த உடலுக்கும் எந்தத் தலையையும் பொருத்தலாம். பறவையைப் பார்த்து முழுப் புத்தகத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒவ்வொரு தாளாக விசாரிக்க வேண்டும்.

எப்படி என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரே பக்கம், இரண்டு பிரதிகள். முதல் பிரதியில் மேல்வரியில் ஒரு முற்றுப்புள்ளியையும் கீழ்வரியில் இன்னொன்றையும் தேர்ந்தெடுத்து, இரண்டையும் சேர்த்து அளவுகோலைச் சாய்வாக வையுங்கள். நடுவே எந்தெந்த எழுத்துகளை, அவற்றின் எந்தக் காலை, எந்த வளைவை அது வெட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பிரதியிலும் அதே புள்ளிகள், அதே அளவுகோல். வெட்டும் இடங்கள் ஒத்தால் ஈய எழுத்துகளைக் கலைக்காமல் அடித்த ஒரே கோர்ப்பு. பிசகினால் யாரோ புதிதாகக் கோத்திருக்கிறார். சொற்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் இரண்டு தடவை கோத்த பக்கம் ஒருபோதும் ஒரே மாதிரி அமையாது. அதன்பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க்கைப் பார்ப்பார்கள், உடைந்த எழுத்து ஒன்று வேறெந்தப் பக்கங்களில் தலைகாட்டுகிறது என்று துரத்துவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு முழுத்தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு ஏடு, எட்டுப் பக்கம். தாள்கள் விழுந்துகொண்டிருக்கும்போதே யாராவது பிழையைக் கண்டால் எந்திரத்தை நிறுத்தி எழுத்தை மாற்றுவார்கள். முன்பு விழுந்த தாள்களைத் தூக்கி எறிவார்களா? காகிதம் என்ன விலை! திருந்தியதும் திருந்தாததும் ஒரே கட்டில் போய்ச் சேரும். தைப்பவன் கைக்கு வந்ததை எடுத்துத் தைப்பான். ஆக, ‘முதல் பதிப்பு’ என்று நாம் சொல்லும் பொருளில் ஒரு பிரதியைப் போல இன்னொன்று இருக்கவே வேண்டியதில்லை.

கே. டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பிடித்துக்கொண்டார். நாடு நாடாகச் சிதறிக் கிடந்த பிரதிகளில் 29ஐப் படம் பிடித்து, 2003இல் குறுந்தகட்டில் ஒன்றாக்கினார். இவ்வளவு பிரதிகளை அருகருகே வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. இரண்டு பறவைகள், இரண்டு பதிப்புகள் என்ற தெளிவான கோடு அங்கே அழிந்தது. ஒன்றின் குணம் மற்றொன்றில் கலந்திருந்தது. 1572இல் வந்தது ஒரே பதிப்புதான், மாறுதல்கள் எல்லாம் அச்சுக்கூடத்துக்குள்ளேயே நேர்ந்தவை என்பது அவர் முடிவு. எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. நானும் முழுக்க ஆட்டவில்லை. ஆனால் போலி வியாபாரியின் கதை பழைய கம்பீரத்தோடு நிற்க முடியாது என்பது மட்டும் உறுதி.

அச்சைப் பற்றிய விசாரணை இவ்வளவில் நிற்கட்டும். அந்தப் பிரதிகளில் ஒன்று லண்டனில் ஹாலண்ட் பிரபுவின் மாளிகையில் இருந்தது, இன்று அமெரிக்காவில் ஆஸ்டின் நகரின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது. அதைத் திறந்தவர்கள் அச்செழுத்தை விட்டுவிட்டு வேறொன்றைத்தான் முதலில் படித்தார்கள். பழைய மையில், காஸ்டிலிய மொழியில், கையெழுத்துக் குறிப்பு ஒன்று. எழுதியவர் ஹோசே இந்தியோ என்ற துறவி. 5500 லீக் கடல் கடந்து கிழக்கிந்தியாவில் வெற்றி கண்டவர் இக்கவிஞர் என்கிறார். லிஸ்பன் மருத்துவமனையில், போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டிகூட இல்லாமல் அவர் இறந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார்.

மன்னரிடம் ஆண்டுக்கு 15,000 ரெய்ஸ் உதவித்தொகை பெற்றவர் கமோயிஷ். அவருக்கா துப்பட்டி இல்லை? இந்தத் துறவி எதைப் பார்த்தார்? அவர் கைக்கு இந்தப் புத்தகம் எப்படி வந்தது?

(அடுத்த வாரம்: சாட்சி சொன்ன துறவி)