கயிறு பிடித்த கை



சிங்கப்பூரின் வடபகுதியிலே ஈசூன் என்றொரு நகர் இருக்கிறது. அன்னாசித் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் நடத்திய லிம் நீ சூன் என்பவரின் பெயரைச் சீனரின் மாண்டரின் மொழியில் சொன்னால் ஈசூன். பால்மரம் நின்ற அந்த மண்ணில் இன்று அடுக்கு வீடுகளும் நீச்சல் குளமும் இருக்கின்றன. காற்றுக்குழாய் எதுவுமின்றி, மூச்சை அடக்கி நீரில் மூழ்கும் வித்தையைக் கட்டணம் செலுத்திக் கற்பவர்கள் இன்று சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது விளையாட்டு. நம் முன்னோர் சிலருக்கோ இது வயிற்றுப்பாடு. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே மன்னார் வளைகுடா. அங்கே முத்துக்குளித்தல் ஈராயிரம் ஆண்டுத் தொழில். பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல் ஒன்று கூறுகிறது. பிற்காலத்தில் பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இதில் பேர் பெற்றார்கள்.

குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் காலை ஊன்றி இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். அவர் சிப்பிகளை வலைப்பையில் அள்ளுவார். சுமார் ஒரு நிமிடம்தான். பிறகு கயிற்றை அசைப்பார். படகில் நிற்பவர் இழுத்து ஏற்றுவார். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார்.

கயிறு பிடிப்பவர் யார்? அதை மைத்துனனிடமே கொடுப்பது வழக்கம் என்று கடற்கரையிலே சொல்வார்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று அறிந்தவன் கண்ணயர மாட்டான் அல்லவா?

1905-ஆம் ஆண்டு இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் பெரிய முத்துச் சலாபம் நடந்தது. 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூழ்கியவர்க்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. மறு ஆண்டு முத்துப்படுகைகளை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சிப்பி குறைந்தது; சில ஆண்டுகளிலேயே கம்பெனியும் கலைந்தது. தூத்துக்குடிக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது. உழைத்தவன் ஒருவன், ஊதியத்தின் பெரும்பகுதி கண்டவன் இன்னொருவன். தோட்டத்தில் பால் வெட்டிய நமக்கு இது புதிய கதை அன்று.

பிற நாடுகளிலோ இது விளையாட்டாக வளர்ந்தது. 1976-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு ஜாக் மயோல், இத்தாலியின் எல்பா தீவருகே மூச்சடக்கி 100 மீட்டர் ஆழம் தொட்டார். இன்றைய பயிற்சியில் ஆசிரியர் சொல்லும் முதல் விதி, தனியே மூழ்காதே என்பது. ஒருவர் கீழே, ஒருவர் மேலே. மூழ்கியவர் வெளியே வந்தபின்னும் அரை நிமிடம் அவர் முகத்தைக் கவனிக்க வேண்டும். நம் படகில் கயிறு பிடித்த கை அறிந்த பாடம்தானே இது!

இதற்குக் காரணம் உண்டு. மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமிலவாயு. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அந்த வாயு குறைந்துவிடும், தவிப்பும் தாமதமாகும். ஆனால் பிராணவாயு அதற்குள் தீர்ந்துபோகலாம். எச்சரிக்கை ஏதுமின்றி மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அது விடாது. ஆழமில்லாத குளத்திலும் இது நேரும்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! தோட்டத்து ஆற்றிலும் குட்டையிலும் யார் அதிக நேரம் முழுகுவது என்று நம் பிள்ளைகள் பந்தயம் கட்டுகிறார்கள். அந்தப் பந்தயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேகமூச்சு வாங்கி முழுகக் கூடாது என்பதையும், கரையில் பெரியவர் ஒருவர் கண்வைத்திராமல் நீரில் இறங்கக் கூடாது என்பதையும் காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள்.

முத்து யார் யார் கழுத்துக்கோ போயிற்று. அதை எடுத்தவர்கள் கற்ற பாடமாவது நம் பிள்ளைகளுக்குச் சேரட்டும்.