மேகக் கணினியும் பழவேற்காட்டுக் கரையும்

"மேகக் கணிமை" என்ற சொல்லைக் கேட்டால் ஆகாயத்தில் மிதக்கும் ஏதோ ஒரு பொருள் என்றே தோன்றும். ஆனால் நாம் அனுப்பும் மின்னஞ்சலும் ஏற்றி வைக்கும் புகைப்படமும் தரையில்தான் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி, இரவு பகலாகக் குளிரூட்டி வைத்திருக்கும் பெரிய கட்டடங்களே அவற்றின் இருப்பிடம். இவற்றைத் தரவு மையங்கள் என்கிறார்கள். இவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதற்காக யார் எதை இழந்தார்கள் என்று பார்த்தால், இது ஒரு வரலாற்றுப் பாடமாகவும் ஆகிவிடுகிறது.

அமெரிக்காவில் ஒரு முன்கதை

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் தி டால்ஸ் என்றொரு சிறிய ஊர் உள்ளது. கூகுள் நிறுவனம் தனக்கெனக் கட்டிய முதல் பெரிய தரவு மையம் 2006-இல் இங்கு இயங்கத் தொடங்கியது. அந்த ஆற்றில் கிடைக்கும் மலிவான நீர்மின்சாரம் இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம்.

அந்த ஆற்றுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1957 மார்ச் 10 அன்று டால்ஸ் அணையின் மதகுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்திற்குள் செலைலோ அருவி நீரில் மூழ்கியது. பூர்வகுடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சால்மன் மீன் பிடித்து வந்த இடம் அது. அணை கட்டியவர்களுக்குக் கூகுளைத் தெரியாது. கூகுள் அருவியை மூழ்கடிக்கவும் இல்லை. ஆனாலும் அன்று மீனவர்கள் இழந்ததுதான் பின்னாளில் மலிவு மின்சாரமாகக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடிய இடம், சென்னைக்கு வடக்கே எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையிலுள்ள கரை.

பழவேற்காடு

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. உலக வணிகம் இங்கு வருவது புதிதல்ல. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். 1690-இல் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இன்று எஞ்சியிருப்பது அவர்களின் கல்லறைத் தோட்டம்தான்.

மீனவர்கள் மட்டும் எங்கும் போகவில்லை. ஏரியில் இறால் பிடிக்க அவர்களிடம் "பாடு" என்றொரு முறை உண்டு. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல் எல்லோருக்கும் முறை வரும். பிற சாதியாருக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இதில் இடமில்லை என்ற குறை உண்மைதான். ஆனாலும் ஏரியை ஒரே ஆள் அள்ளிக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

நிலக்கரி வந்த கதை

1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது (இது 2017-இல் மூடப்பட்டது). 1994 முதல் 1996 வரை வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள் வந்தன. அவற்றுக்கு நிலக்கரி இறக்கவே எண்ணூர் துறைமுகம் கட்டப்பட்டு 2001-இல் திறக்கப்பட்டது. பிறகு வல்லூரில் 1,500 மெகாவாட், வடசென்னை இரண்டாம் கட்டத்தில் 1,200 மெகாவாட், 2024-இல் மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட் என்று சேர்ந்தன. இந்தச் சிறு பகுதியின் மொத்தத் திறன் இன்று 4,000 மெகாவாட்டைத் தாண்டும்.

நகரத்துக்கு விளக்கு எரிந்தது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்திலோ சாம்பல் படிந்தது. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. இதற்கிடையே, காட்டுப்பள்ளிக் குப்பம் கப்பல் கட்டும் தளத்துக்காகத் தன் இடத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது. அங்கு 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கும் மேல் விரிவாக்கும் திட்டமும் வந்தது. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021-இலும் 2023-இலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு கரைந்தால் ஏரியே போய்விடும் என்பது மீனவர்களின் அச்சம்.

சென்னைக்கு வந்த மேகம்

சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் 2002-இல் வந்தது. அடுத்தடுத்து வேறு வடங்களும் வந்ததால் சென்னை, மும்பைக்கு அடுத்த இணைய வாசலாக வளர்ந்தது. 2021-இல் தமிழக அரசு தரவு மையங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் மையங்கள் எழுந்தன. 2024 ஜனவரியில் அம்பத்தூரில் திறக்கப்பட்ட ஒரு வளாகம் மட்டும் 100 மெகாவாட் வரை வளரும்படி திட்டமிடப்பட்டது.

இந்த மையங்களின் சிக்கனத்தை அளக்க ஒரு விகிதம் உண்டு. மையம் வாங்கும் மொத்த மின்சாரத்தைக் கணினிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுக்க வேண்டும். விடை 1.5 என்றால், கணினிக்கு 100 யூனிட் போகும்போது குளிரூட்டல் முதலியவற்றுக்கு இன்னும் 50 யூனிட் செலவாகிறது. கூகுள் தன் மையங்களின் சராசரி 1.1 அளவில் இருப்பதாகச் சொல்கிறது. இது பெரிய சாதனைதான். சென்னை வெயிலில் அந்த அளவை எட்டுவது இன்னும் கடினம்.

கணக்கில் வராதது

ஆனால் இந்த விகிதம் வளாகத்தின் மதில் சுவருக்குள் மட்டுமே அளக்கிறது. உள்ளே வரும் மின்சாரம் காற்றாலையிலிருந்து வந்தாலும் நிலக்கரியிலிருந்து வந்தாலும் விடை ஒன்றுதான். பல நிறுவனங்கள் காற்று, சூரிய மின்சாரத்தை வாங்குகின்றன, அது பாராட்டத்தக்கது. ஆயினும் ஆரல்வாய்மொழியில் காற்று ஓய்ந்த இரவிலும் கணினி ஓட வேண்டும். அந்நேரத்தில் மின்கட்டமைப்பைத் தாங்கும் நிலையங்களில் எண்ணூர்க் கரையில் உள்ளவையும் அடங்கும். அந்தச் சாம்பலுக்கு 1.1 என்ற எண்ணில் இடமில்லை.

தரவு மையமே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் அதே இணையத்தில்தான் படிக்கிறார்கள். புதிய வளாகம் ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும்போது, அதன் மின்சாரம் மணிக்கு மணி எங்கிருந்து வருகிறது என்பதையும் வெளியிடச் சொன்னால் போதும். மதிலுக்கு வெளியிலுள்ள கணக்கும் தெரிந்துவிடும். ஏரியைப் பங்கிடச் சீட்டுப் போட்டவர்கள், தங்கள் முறை எப்போது வரும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.